சாப்பாட்டுக் கொப்பி

இரண்டு கிழமைக்குத் தின்றதெல்லாம் எழுதுங்கள் என்று
கோடு போட்ட கொப்பியொன்று தந்தார்
தூன் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகி.
பெயர் எக்லி.
ஏரிக்கரை உணவகத்தில்
நாளுக்கு நாற்பது தட்டு நான் பொரிக்கும் மீனுக்கும்
சுவிஸ்காரர் வைத்த பெயர் அதுதான்.
சிரிப்பை விழுங்கிக்கொண்டு வாங்கி வந்தேன்.

முதல் நாள் உள்ளதை எழுதினேன்.
பதினொன்றரை: பொரித்த கிழங்கு, கூடையிலிருந்து, நின்றபடி.
மூன்று மணி: திரும்பி வந்த தட்டில்
யாரும் தொடாத இரண்டு துண்டு மீன்.
ஐந்தரை: பாண் விளிம்பு, கோலா.
நள்ளிரவு: பெட்டிப் பீட்சா, பாதி.
பிறகு மற்றப் பாதி.

வாசித்துப் பார்த்தேன்.
வீடில்லாத எவனோ எழுதியது போலிருந்தது.
எனக்கு வீடிருக்கிறது.
இரண்டரை அறை. நான்கு அடுப்பு.
மூன்றின் மேல் காப்புறுதிக் கடிதங்கள்.

தாளைக் கிழித்தேன்.
இரண்டாம் நாளிலிருந்து பொய்.
குரக்கன் ரொட்டி ஒன்று.
சிவப்பரிசிச் சோறு, ஓர் அகப்பை மட்டும்.
போஞ்சி வறை. கீரை. லீக்ஸ் பால்கறி.
பொய்யில் என்ன கஞ்சத்தனம் என்று
வியாழன் ஒரு சம்பலும் சேர்த்தேன்.
ஞாயிறு விருந்தாளிகள்கூட வந்தார்கள்,
நாலு பேருக்குக் கத்தரிக்காய் சுட்டேன் தாளில்.
எழுத எழுதப் பசித்தது.
எழுந்து போய் ஒரு சிப்ஸ் பையை உடைத்தேன்.

எக்லி அம்மா விரலால் வரிவரியாகப் படித்தார்.
லீக்ஸில் விரல் நின்றது.
"பச்சைத் தாளையும் போடுவீர்களா?
நான் எறிந்துவிடுவேன்.
எவ்வளவு பால்? எவ்வளவு நேரம்?"

கிழங்கென்றால் சொல்வேன்:
நூற்றெழுபத்தைந்து பாகை, மூன்று நிமிடம் இருபது வினாடி,
பிந்தினால் இயந்திரம் கத்தும்.
லீக்ஸ் எப்போது கத்தும்?
"சரியாகத் தெரியாது" என்றேன்.
அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை.

புதன்கிழமைச் சந்தை. வேலைக்கு முன் ஒரு மணி நேரம்.
வியாபாரி கத்தியை எடுத்தாள் தலையை வெட்ட.
வேண்டாம், அப்படியே தாருங்கள்.
கைப்பிடி நீளத்தில் மூன்று,
வேரில் ஈரமண், நாலு பிராங் இருபது.
கடையில் தேங்காய்ப்பால் டின்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஒன்றின் முதுகில் ஏழு வரி,
ஒன்றில் தேங்காய், தண்ணீர், அவ்வளவுதான்.
இரண்டாவதை எடுத்தேன்.
எழுபது சதம் கூட.
அந்த எழுபது சதத்தை வீடு வரை யோசித்தபடி நடந்தேன்.

கடிதங்களைக் கட்டிலுக்கு மாற்றினேன்.
மடிப்புக்கு மடிப்பு மண்.
ஐந்து தண்ணீர் கழுவியும் ஆறாவதில் ஒரு மணல்.
பாலை முதலே ஊற்றினேன், திரைந்தது.
அடி பிடித்தது.
கறுத்ததை ஒதுக்கிவிட்டு, கதிரையில் இருந்து,
ஆம், இருந்து, தின்றேன்.
கொப்பியில்: லீக்ஸ், கருகல். முழுவதும்.

திங்கள் உணவகத்துக்கு விடுமுறை.
மறுபடி மூன்று.
இம்முறை வெங்காயத்தோடு மூடி வைத்தேன்,
தன் தண்ணீரில் தானே வெந்தது.
இறக்குமுன்தான் பால்.
தேநீர்க் கோப்பையில் அரை. எட்டு நிமிடம்.
சுவரில் ஒட்டியிருந்த பீட்சா விலைப்பட்டியலின்
முதுகில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த சந்திப்பில் சீனி
ஒரு புள்ளிதான் இறங்கியிருந்தது.
எக்லி அம்மா அதைப் பெரிதாக்கவில்லை.
கிழிந்த தாளின் அடி கொப்பியில் பல்லுப் பல்லாய் நின்றது,
அதன்மேல் பெருவிரலை ஒருதரம் ஓடவிட்டார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்,
பொறுமையில்லாமல் தானே சமைத்துப் பார்த்தாராம்,
பச்சைத் தாளும் போட்டாராம்,
ஏதோ குறைகிறதாம்.

உப்புப் போட்டீர்களா?
போடவில்லை.
கொஞ்சம் போடலாம், எக்லி அம்மா.

பேனையை எடுத்து
எழுதிக்கொண்டார்.