அரை பார்

ஆறாம் செமஸ்டர். மொத்த வகுப்புக்கும் ஒரே புராஜெக்ட்:
கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
ஐஸ் வாங்க வருபவர்களுக்கு
டோக்கன் போடும் செயலி.
எமல்டா மேடம் பட்டியலைக் கதவில் ஒட்டினார்.
கோடு எழுத பதினெட்டு பேர்,
எழுதியதை உடைத்துப் பார்க்க ஒன்பது பேர்,
திரைக்கு, தரவுத்தளத்துக்கு, ஆவணத்துக்கு என்று மற்றவர்கள்.
எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க
பரங்கிப்பேட்டை சுல்பிகர். தனியாள், பாவம்.
கடைசி வரியில் நான்.
வீரசெல்வி: வாடிக்கையாளர்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
இரண்டு அரியர் வைத்திருப்பவள் வேறென்ன செய்வாள்.
"கோடு வராதவளுக்கு நல்ல நாற்காலி"
என்றான் மதியரசு. டீம் லீடர்.
அதற்கென்றே புதுச் சட்டை வாங்கியிருந்தான்.

முதல் மாதம் நாற்காலியில்தான் இருந்தேன்.
காட்டினார்கள், தலையாட்டினேன்.
பொத்தான் நீலமா பச்சையா என்றார்கள்.
பச்சை என்றேன், மறுநாள் நீலம் என்றேன்;
மனம் மாறுவதும் உன் வேலை
என்று மேடம் சொல்லியிருந்தார்.
தேவை கேட்கப் போன குழு
உச்சி வெயிலில் துறைமுகம் போய்
காய்கிற வலையையும் ஒரு நாயையும்
போட்டோ எடுத்து வந்தது.
பதினாலு பக்க அறிக்கை.
நாய் நான்காம் பக்கத்தில்.

விடிகாலை மூன்றரைக்கு
அம்மாவோடு போனேன், நோட்டு இல்லாமல்.
ஏலம் முடிந்த கையோடு
அம்மாவும் அஞ்சலையும் ஒரு பார் ஐஸைத்
தரையில் இறக்கி நடுவில் ஒரு குத்து.
இவளுக்கு அரை, அவளுக்கு அரை.
பணமும் பாதிப் பாதி,
அதிலும் பாதி வெள்ளிக்கிழமை.
"தனியா அரை தரமாட்டான்டி,
சோடி சேந்தாத்தான்."

அன்று லேபில்
அரை என்று அடித்தேன்.
முழு எண் மட்டும் என்றது சிவப்பாக.
"அரையை யாரு வாங்குவா?"
நாற்காலியிலிருந்து எழுந்தேன்.
வாடிக்கையாளர் எழுந்து நிற்கலாமா கூடாதா
பதினாலு பக்கத்தில் எங்கும் இல்லை.
ஒரு டோக்கன், இரண்டு பெயர் என்றேன்.
இதுதான் டிசைன் என்றார்கள்.
வேண்டாம் என்றேன்.

பதினோரு கோப்புகள் மாறின.
தரவுத்தளத்து ஆட்கள் மூன்று நாள்
என்னோடு பேசவில்லை, டீக்கடையில்கூட.
சுல்பிகர் ராத்திரியெல்லாம் சேர்த்தான்.
நெய்வேலி இவ்வளவு பக்கத்தில் இருந்தும்
இரண்டு முறை கரண்ட் போனது.
விடியும்போது
திரையில் அம்மா பெயரும் அஞ்சலை பெயரும்
ஒரே எண்ணின் கீழ்.
வெள்ளிக்கிழமைக் கடன் மட்டும்
கடைசி வரை எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்
கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு கேட்டார்:
நீ எத்தனை வரி எழுதினாய்?
ஒரு வரியும் இல்லை சார்.
பிறகு என்னதான் செய்தாய்?
வேண்டாம்னு சொன்னேன் சார்,
ஒரு பதினேழு தடவை.

பின்னாலிருந்து மதியரசு, மெதுவாக:
"பத்தொம்பது, சார்."