மீட்டருக்கு மூன்று

சீதாபுராவில் ஏழாம் எண் ஷெட்.
கீழே குழல்விளக்கு, மேலே என் கண்,
நடுவே பக்ரூவின் பருத்தி ஊர்ந்து போகும்.
என் விரல் நுனியில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள்.
பிழைக்கு ஓர் அம்பு.
பெரிய பிழைக்கு நான்கு புள்ளி.
நாற்பதைத் தாண்டினால் சுருள் வந்த வழியே போகும்.

அச்சிடுகிறவர்கள் எவரையும் பார்த்ததில்லை,
ஆனால் ஆளைத் தெரியும்.
நானக்ராமுக்கு மதியத்துக்குப் பின் கை கனத்துவிடும்,
கறுப்பு கரை தாண்டும்.
மோத்யாவின் சிவப்பு
தேநீருக்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி.
கீசாலால் மட்டும்
பதினெட்டு மீட்டருக்கு ஒரு மயிரிழை தப்பமாட்டார்.
அவர் துணி வரும் நாளில்
என் அம்புகள் தாளிலேயே தூங்கும்.

போன பருவம் வரை இப்படித்தான்.

டென்மார்க்கிலிருந்து சிட்ஸெல் வந்தாள்.
தள்ளிவைத்த குவியலில் கையை விட்டு
மோத்யாவின் இரண்டு மீட்டரை உருவி
எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
இதுதான் வேண்டும் என்றாள்.
உங்கள் பூவை எந்திரமும் பழகிவிட்டது,
பிசகாத பூவைக் கையால் அடித்ததென்று
எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்?

ஆர்டர் தாள் வந்தது:
கோடைச் சட்டை, நாலாயிரம்.
மீட்டருக்கு மூன்று பிழை.
குறைந்தால் ஏற்கப்படாது.
பண்டாரி சாப் இரண்டு முறை படித்தார்,
மின்விசிறியை நிறுத்திவிட்டு
இன்னொரு முறை படித்தார்.

மற்றவர்களுக்கெல்லாம் படுக்கை விரிப்பு வேலை.
கீசாலாலுக்குப் போனது சட்டைத் துணி.

முதல் சுருளில்
முப்பத்துமூன்று சென்டிமீட்டருக்கு ஒரு பிழை,
வலது ஓரமாக,
பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் போல.
அம்பை ஒட்டி எழுதினேன்:
தவறு சரியாக இருக்கிறது. நான்கு புள்ளி.

இரண்டாம் சுருளில் இடத்தை மாற்றியிருந்தார்.
ஆனால் ஒவ்வொன்றும் அத்தனை அழகு,
குழந்தையின் கன்னத்தில் வைத்த
திருஷ்டிப் பொட்டு போல.
அதையும் திருப்பினேன்.

மூன்றாவதற்குக் காத்திருக்காமல் பஸ் ஏறினேன்.

இடுப்புயர மேஜை, ஏழு மடிப்புச் சாக்கு.
பானையில் பழைய லாடமும் வெல்லமும் புளித்துக்
கறுப்பாகிக்கொண்டிருந்த வாடை
என் சேலையில் முதலில் ஏறியது.
முழங்கை வரை மை. அவர்தான்.
'பெஹன்ஜி, எந்தத் தவறு வேண்டும், காட்டுங்கள்.
மிஸ்திரியிடம் சொல்லி
அதையே அச்சுக்கட்டையாக வெட்டிவிடுகிறேன்.
அப்புறம் ஒன்றும் பிசகாது.'

என்ன சொல்ல?
நான் வாயைத் திறந்தேன், அவர் கட்டையை வைத்தார்,
குத்துவதற்கு முஷ்டி உயர்ந்தது,
போன் அடித்தது.

கட்டை ஒரு நகக்கண் அளவு நழுவி
பூ பக்கத்துப் பூவின் மேல் சாய்ந்தது.
போனைத் தோளில் இடுக்கினார், கை நிற்கவில்லை.
'ஹலோ? யாரு?' தட்.
ஓர் இதழ் வரவேயில்லை.
'இல்லை, இங்கே அப்படி யாருமில்லை.' தட்.
காம்பில் ஒரு சொட்டுக் கறுப்பு.

வைத்தார். துணியைப் பார்த்தார்.
ஈரக் கந்தலை நோக்கிக் கை போனது,
மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.
என் ஐந்து விரலும் கறுத்தன.
டேப் வைத்து அளந்தேன்.
ஒரு மீட்டர். மூன்று.

'யார் போனில்?'
முகத்தைச் சுளித்தார். 'ராங் நம்பர்.'

அந்த ஒரு மீட்டர் ஒரு சட்டைக்கே போதாது.
தேதி நெருங்குகிறது.
இன்று மதியம், ஷெட்டுக்குப் பின்னால்,
லாரி டிரைவரின் போனைக் கடன் வாங்கி
கீசாலாலின் எண்ணை அழுத்தினேன்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:
'ஹலோ, கோட்டா சிமெண்ட் கடையா?'

மறுமுனையில்
தட் என்று ஒன்று
கொஞ்சம் தள்ளி விழுந்தது.