தொண்ணூறு பாகை

வண்டி செய்த ஆலையில் யாரோ தீர்மானித்துவிட்டார்கள்:
பின்கதவு இரண்டும் மூடிக் கிடக்கவேண்டும்,
இல்லையென்றால் முழுக்கத் திறந்து
பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளவேண்டும்.
நடுவில் நிற்க அவற்றுக்குத் தெரியாது.
நிறுத்திப் பார்த்தால்
வாராங்கர் காற்று வந்து அறைந்து சாத்தும்,
பேச்சு முடிந்தது என்பதுபோல.

எனக்கு வேண்டியது அந்த நடு.
தொண்ணூறு பாகை.
இரண்டு கதவும் இரண்டு சுவர்,
மேலே துணிக்கூரை,
மூன்றாம் சுவருக்கு ஒரு திரை.
ஒன்றரை மீட்டர் அகலத்தில்
ஒரு மனிதன் நின்று குளிக்கவேண்டும்.

மனிதன் ஹால்வர்.
படகுத்துறையில் அத்தனை பேர் எதிரிலும்
அம்மணமாய்க் கடலில் குதித்தவன்.
பிப்ரவரியில் ட்ரொம்ஸோ மருத்துவமனையில்
குடலில் ஒரு முழம் வெட்டியெடுத்து
வயிற்றில் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள்.
அதன்பின் முகாம்களின் பொதுக் குளியலறைப் பக்கம்
அவன் போவதில்லை.
சளி என்பான். வரிசை நீளம் என்பான்.
நேற்றுத்தானே குளித்தேன் என்பான்,
அந்த நேற்றுக்கு ஒரு வாரம் வயதாகியிருக்கும்.

சொல்லிச் சரியாகிற விஷயமா?
துளைக்கருவியை எடுத்தேன்.

முதல் துளைக்குக் கை நடுங்கியது.
இன்னும் கடன் தீராத வண்டி.
தகடு கிறீச்சிட்டு
வெள்ளைச் சுருள்களை உதிர்த்தது.
உடனே விளிம்பில் துருத்தடுப்புப் பூச்சு.
"வெட்டின இடத்தைத் திறந்து போடாதே"
என்று படகுப் பட்டறைப் பையன்களுக்கு
முப்பது வருஷமாய்ச் சொல்லிவந்த வாக்கியம்
வாய்வரை வந்தது.
ஹால்வர் பக்கத்தில் நின்றிருந்தான்.
விழுங்கிவிட்டேன்.

ஆலைக்காரர்களின் தடுப்புப் பட்டையைக் கழற்றி
எஃகுக் கம்பியை வளைத்து
ஒரு முனை கதவில், ஒரு முனை அடிச்சட்டத்தில்.
கம்பியில் இரண்டு கண்:
ஒன்று தொண்ணூறுக்கு,
ஒன்று காற்று மிஞ்சினால் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ள.
கூரைக்கு வாட்ஸோ வலைக்கடையில்
பழைய பாய்மரத் துணி. பச்சை. மீன் வாடை இலவசம்.
பன்னிரண்டு லிட்டர் வாளி, சின்ன பம்ப்,
இரண்டு கெட்டில் வெந்நீர்,
காலடியில் மரச்சட்டம்.
திரையின் ஓரமெல்லாம் காந்தங்கள்.

இருட்டியதும் குளி என்று சொல்ல வழியில்லை.
ஜூன் மாதம்.
இங்கே இருட்டு ஆகஸ்டில்தான் ஊர் திரும்பும்.
நள்ளிரவு பன்னிரண்டரைக்கு
கடலுக்கு ஒரு சாண் மேலே சூரியன்,
கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி.

ஹம்னிங்பெர்க் சாலையில்
பாறைகளுக்கு நடுவே நிறுத்தினோம்.
உள்ளே போனான்.
டக், டக், டக் என்று திரை கதவைப் பற்றியது.
பம்ப் முனகியது.
நான் முன்னிருக்கையில் ஆறிய காபியோடு
கேட்காததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சீட்டியடிக்கிறான்.
நான்கு மாதமாகிறது அதைக் கேட்டு.

அப்போதுதான் காற்று திசை மாறியது.
கதவுகள் நின்றன,
என் கம்பிகள் ஒரு மில்லிமீட்டர் அசையவில்லை.
கூரை நின்றது.
திரைதான் போயிற்று,
காந்தங்களோடு, கலைமான்களைக் கலைத்துக்கொண்டு.

கலைமான்களுக்குப் பின்னால் நில்லாஸ்,
நாலு சக்கர பைக்கில்.
திரையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார்.
நுரையோடு நின்றவனுக்குத் தொப்பியைத் தொட்டார்.
பையைப் பார்த்தாரா, தெரியாது.
கீலைத்தான் வெகுநேரம் பார்த்தார்.
குனிந்து, கம்பியை ஒரு உலுக்கு உலுக்கி,
"யார் பற்றவைத்தது?"

"யோருன்" என்றான் ஹால்வர்,
பற்கள் தந்தியடிக்க.
"இடது தோளுக்குத் தண்ணீரே வருவதில்லை.
அதையும் அவளிடம் சொல்லுங்கள்."

குறிப்பேட்டில் எழுதினேன்:
காந்தம், இரண்டு மடங்கு.
குழாய்த்தலை, ஒரு சாண் இடப்பக்கம்.

தலை துவட்டிக்கொண்டே வந்தவன்
பேனாவை வாங்கி
முதல் வரியைக் குறுக்கே அடித்தான்.
"அந்தப் பக்கம் கடல்தானே."

திரையை வீணாக்கவில்லை.
கெட்டில் கொதிக்கும்போது அடுப்பைச் சுற்றி
காற்றுக்கு மறைப்பாக நிற்கிறது.