இடது கை

அந்த அடியை நான் பார்க்கவில்லை.
அது விழுந்து ஐந்து வருஷம் கழித்துதான்
எனக்குக் கல்யாணம்.
வேலூர்க் கோட்டை மைதானம், மாசி மாதம்,
மூன்றாவது ரவுண்டு என்பார்.
அதற்குமேல் அவருக்கே தெரியாது.
மீதியை மற்றவர்கள் சொன்னார்கள்:
பேரின்பநாதன் வலது கையை எடுத்ததே தெரியவில்லையாம்.
அகழியோரம் சுண்டல் விற்றவன் வரைக்கும்
சத்தம் மட்டும் வந்ததாம்.

பெண் பார்க்க வந்தபோது
ஆறடி இரண்டு அங்குலத்தையும் குனித்து
நிலைப்படி தாண்டினார்.
காபி டம்ளர் கையில் லேசாக ஆடியது.
கூச்சம் என்று நினைத்தேன்.

ராணிப்பேட்டையில் குடிவைத்தோம்.
தோல் ஷாப்பு நாற்றத்தில்
முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.
இவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார்.
ஊருக்குப் பழகிய மூக்கு என்று நினைத்தேன்.
மூக்கு எப்போதோ செத்துவிட்டிருந்ததை
கேஸ் திறந்தே கிடந்த ஒரு ராத்திரி
எனக்குச் சொன்னது.

ஒரே நாளில் விழுந்த அடி
தவணையில் வந்து சேர்ந்தது.
சட்டைப் பொத்தான்.
மகளின் பெயர், அதிலும் பின்பாதி மட்டும்.
இருபத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்த மனுஷன்
காட்பாடி ஜங்ஷனில் நாலு மணிநேரம்
எந்தப் பிளாட்பாரம் என்று தெரியாமல் நின்றார்.
தட்டு சுவரில் பட்டுத் தெறித்த அன்று
என்னைவிட
அவர்தான் அதிகம் பயந்துபோனார்.

சி.எம்.சி.யில், நரம்புப் பிரிவில்,
டோக்கன் நூற்றுப் பதினேழு.
சுற்றிலும் வங்காளம் பேசிக்கொண்டிருந்தார்கள்.
பக்கத்து நாற்காலியில் பேரணாம்பட்டு ஷமீம்.
அவள் வீட்டுக்காரர்
சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.
காது மடல் கசங்கியிருந்தது, இவருக்குப் போலவே.
“பாக்சிங்கா?”
“ம்.”
“யாருகிட்ட?”
சொன்னேன்.
பாட்டிலைத் திருகி மூடிவிட்டு
மெதுவாகக் கேட்டாள்:
“உங்களுக்கு எந்த ரவுண்டு?”
“மூணு.”
“எங்களுக்கு ஒண்ணுலயே முடிஞ்சிடுச்சு.
அதனால கொஞ்சம் தேவலாம்னு டாக்டரு சொல்றாரு.”
ஒடுகத்தூரில் இன்னொருத்தர் இருக்கிறாராம்.
அவருக்குக் கண்.

ஷூ கம்பெனியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு
மேல்விஷாரம் போனேன்.
ஹைவே ஓரம், டயர் ரீட்ரெடிங் கடை.
கேட்க என்னென்னவோ வைத்திருந்தேன்.
ஆனால் என்ன கேட்பது,
நடுவர் இருந்திருக்கிறார், மணி இருந்திருக்கிறது,
இவரும்தான் அடிக்கப் போயிருக்கிறார்.
தளர்ந்திருப்பார் என்று நம்பிப் போனவள் முன்னால்
லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டி ஒதுக்கி
நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.
எத்திராஜுலு என்றேன்.
பெயர் பிடிபடவில்லை.
போட்டோவைக் காட்டினேன்.
வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.
“ஓ, ரயில்வே. நல்ல ஆளும்மா.
களைச்சா இடது கை தாழும்.”

டீ வரவழைத்தார்.
“எப்பிடி இருக்காரு?”
“இருக்காரு.”
அதற்குப் பிறகு தன் வலது கையை
யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி
மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.
நான் டீயைக் குடித்து முடித்தேன். சர்க்கரை அதிகம்.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ரொம்ப நேரம் நின்றது.
கீழே ஆறும் இல்லை, மணலும் இல்லை.

மாத்திரைத் தூக்கத்தில் கிடந்தார்.
வலது கை தாடைக்குக் கீழே.
இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.
எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி,
கன்னத்தை ஒட்டி வைத்தேன்.
கொஞ்சம் நின்றது.
வழுக்கி இறங்கியது.
ஒன்பது மணிச் சங்கு ஊதுகிற வரைக்கும்
தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.