ஐயாயிரமாவது வரி

எழுதிவிட்டேன் என்கிறது நிரல்.
பிழை இல்லை, பச்சை டிக்.
ஷீட்டில் மட்டும்
செவ்வாய் மதியத்தோடு எடைகள் நின்றுவிட்டன.
கீழே வெள்ளை,
களத்தில் பரப்பிய ஜவ்வரிசி போல
கண் கூசும் வெள்ளை.

ஆத்தூர் ரோடு, சேகோ ஆலை, எடைமேடை அறை.
இரவு ஒன்பதரை.
புளித்த மாவுத்தண்ணீர் வாசம்
சட்டைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.
வெளியே டிவிஎஸ்ஸில் சாய்ந்தபடி மாதையன்:
"பதினோரு டன் நானூறு, பாயிண்ட் இருபத்தேழு,
நேத்தே எறக்கியாச்சு.
எங் கெழங்க உங்க கம்ப்யூட்டர் தின்னுபோட்டுதுங்களா?"

அனுமதி பார்த்தேன். சாவி பார்த்தேன்.
ஷீட்டின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
சோதனை 1 அனுப்பினேன். எழுதிவிட்டேன் என்றது.
சோதனை 2. எழுதிவிட்டேன்.
ஏழாவது சோதனைக்குப் பிறகு
கணக்கெழுதும் தனக்கோடியம்மாவிடம் திரும்பினேன்:
"ஏதாச்சும் தொட்டீங்களா?"
"இல்லீங்க சார்."
நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.
அதன்பின் அவர் கைகள்
மடியை விட்டு எழவில்லை.

கன்ட்ரோலோடு கீழ் அம்பை அழுத்தினேன்,
யோசித்து அல்ல, எரிச்சலில்.
812-ல் ஒரு தடவை நின்ற கர்சர்
மறுபடி அழுத்த, கிணற்றுக் கல்லாய் விழுந்து
ஐயாயிரத்து ஒன்றில் தரை தட்டியது.
அங்கே இருந்தார்கள் எல்லோரும்.
செவ்வாய் மாலை லோடுகள், புதன் முழுக்க,
மாதையனின் பதினோராயிரத்து நானூறு,
கடைசியில் வரிசையாக
என் ஏழு சோதனைகளும்.

மேல் வரியில் எச் கட்டம் காலி.
காலிதானா? தட்டித் திறந்தால்
உள்ளே ஒரே ஒரு ஸ்பேஸ்.
எனக்கு அது வெற்றிடம்.
நிரலுக்கு அது யாரோ எழுதிய எழுத்து;
எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே
ஒழுங்காய்ப் போய் உட்கார்ந்திருக்கிறது.

யார் வைத்தது?
மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தேன்.
செவ்வாய், ஒன்று ஐம்பத்திரண்டு.
என் பெயர்.
ஞாபகம் வந்துவிட்டது: வாழப்பாடி மெஸ்,
வலக்கையில் சால்னா, இடக்கையில் போன்,
ஷீட் எவ்வளவு தூரம் போகிறதென்று
தள்ளிக்கொண்டே போன கட்டைவிரல்.

அழித்தேன். வரிகளை மேலே ஏற்றினேன்.
மாதையன் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்.
"எதனால சார்?" என்றார் தனக்கோடியம்மா.
"நான்தாங்க" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கிழித்த தேதித் தாள்களின் முதுகில்
மூன்று நாளாய்ப் பென்சிலில் எழுதிவைத்த எடைகளை
ஒவ்வொன்றாய் வாசித்தார்.
நான் திரையைப் பார்த்து ம் கொட்டினேன்.
எல்லாம் சரியாக இருந்தன.

அந்தத் தாள்களை அவர் கிழிக்கவில்லை.
நாலாய் மடித்து,
இழுப்பறைக்குள் வைத்து,
பூட்டினார்.