பன்னிரண்டு ராத்தல்

மதுரைக் கடையில் இரண்டை எடுத்துக் காட்டினார்களாம்.
ஒன்று மெலிந்த குழல்,
தோளில் துண்டு கிடக்கிற மாதிரி கிடக்கும்.
மற்றது
நுனிவரைக்கும் பருமன் குறையாதது.
பன்னிரண்டு ராத்தல், கண்ணாடி தனி.
யோசித்துச் சொல்கிறேன் என்று
இரண்டையும் விட்டுவிட்டு
ஒப்பிலானுக்குக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார்
என் வீட்டுக்காரர்.

யோசனைக்கு எட்டு மாதம் ஆனது.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் லாரி ஓட்டியவர்.
சுட்டதைவிட
சுடுகிற சத்தம் கேட்டதுதான் அதிகம்.
பயிர்க்காவல் லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து
சோறு இறங்கவில்லை அவருக்கு.

எங்கள் கடலைக்கொல்லைக்கும் கருவைக்காட்டுக்கும் நடுவே
நானூறு கெஜம் தரவை.
கொக்கு ஒளியவும் ஒரு புல் கிடையாது.
பக்கம் போனால் பன்றிக்கு வாடை தெரிந்துவிடும்.
தூரத்திலிருந்துதான் சுட வேண்டும்,
தூரத்துக்குப் பருத்த குழல்தான்.
மெலிந்தது மூன்றாவது குண்டில் சூடேறி
முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம்.

"மூன்றாவது குண்டு வரைக்கும்
பன்றி நின்றுகொண்டிருக்குமா?"
கேட்டேன்.
இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள்
என் உலக்கையை எடுத்துப்போனார்.
மீன் ஏலக் கூடத்துத் தராசில் நிறுத்து
குறைந்த எடைக்கு மணலைத் துணியில் முடிந்து
நுனியில் கட்டினார்.
விடியுமுன் அதைத் தோளில் மாட்டி
மாரியூர் வரை நடை, திரும்பவும் நடை.
வலைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள்,
பிறகு வழிவிட்டார்கள்.
நான் பக்கத்து வீட்டு உரலுக்குப் போய்
இரவல் உலக்கையில் இடித்தேன்.

ராத்திரியில் சாமான் அறைத் தாழ்ப்பாள்.
தூக்கு, இழு, தள்ளு, இறக்கு.
தூக்கு, இழு, தள்ளு, இறக்கு.
ஒரு குண்டுக்கு ஒரு தடவை என்று
இருட்டில் எண்ணிக்கொண்டிருப்பார்.
எண்ணெய் விட்டாவது செய்யுங்கள் என்றேன்.
விட்டார்.

காற்றுக்கு ஒரு நோட்டு.
கச்சானுக்கு எத்தனை விரற்கடை,
வாடைக்கு எத்தனை,
கொண்டல் கிளம்பினால் எந்தப் பக்கம்.
செவத்தியானிடம் போய் விசாரித்தால் அவன்,
"கரையில் ஒரு காற்று.
தரவை நடுவில் வேறொன்று.
கருவை ஓரத்தில் காற்றே இல்லை.
நீங்க எந்தக் காற்றைக் கேக்குறீக?"
அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

இரவல் தூரக்கண்ணாடியில்
ஒரு மத்தியானம் எனக்கும் காட்டினார்.
ஒரு கிழட்டுப் பன்றி
இல்லாத தண்ணீரில் முழங்கால் நனைய நின்றது.
கால்கள் உருகி உருகி மறுபடி முளைத்தன.
"எங்கே சுடுவீர்கள்?"
"அதுதான் தெரியவில்லை" என்றார்,
எட்டு மாதத்தில் அவர் சொன்ன நேரான பதில்.

பருத்ததையே வாங்கினார்.
மரப்பெட்டி. எண்ணெய்த்தாள்.
கட்டிலில் கிடத்திவிட்டு நாங்கள் தரையில் படுத்தோம்.
ஆறாம் நாள் தேர்தல் அறிவித்தார்கள்.
லைசென்ஸ் ஆயுதமெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
சாயல்குடியில் அதைக் கைநீட்டி வாங்கிய ஏட்டு
அந்தோணிராயர்
ஒரு அடி முன்னால் சாய்ந்து,
"என்னய்யா இது, தூணைப் பிடுங்கிட்டு வந்தியா?"
ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்
பஸ்ஸில் வரும்போது
ஒரு தோள் தாழ்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி நிலா.
கொல்லையில் கடலை பறிக்கிற சத்தம்.
நான் தகரத்தைத் தேடி எழுந்தபோது
அவர் ஏற்கெனவே வரப்பில் குப்புறப் படுத்திருந்தார்,
கால்கள் அகல,
கன்னம் உலக்கையில்.
பாதி மூச்சை விட்டு
மீதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காற்று?" என்றேன், மெதுவாக.
"கச்சான். இடது பக்கம் ரெண்டு விரல்."

தகரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.
தரவை முழுக்க அது ஓடியது,
பன்றிகளும்.
தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளுகிற மாதிரி
அவர் கை வெறும் காற்றில் போய் வந்தது.

"பட்டிருக்கும்" என்றார்.