படத்தின் கீழ் விளிம்பு

கப்பலில் இறக்க மட்டும் தெரியாது எங்களுக்கு.
மற்றதெல்லாம் தெரியும்.
எதிரி விமானம் வட்டத்துக்குள் வரும்வரை
விரலைப் பொத்தானில் தூங்கவிட்டுக் காத்திருப்போம்.
ஏவுகணையை அநாவசியமாகச் செலவழிக்க மாட்டோம்.
பறக்கும் டேங்கரின் வாலில்
கொக்கு மீனைத் தொடுவதுபோல் மூக்கை வைத்து
வயிற்றை நிரப்பிக்கொள்வோம்.
கடைசியில் கப்பல்.
சாம்பல் நிறத்தில் ஒரு நகக்கீற்று,
பிறகு விரல், பிறகு பலகை,
பிறகு கடல்.

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவுக்கே
ஒரு கேம்தான், எங்கள் வீட்டில்.
பினாங்கிலிருந்து அத்தா வந்த பெட்டியில்
கோடாலி தைலத்துக்கும் மைலோ டின்னுக்கும் நடுவே
ஒரு கறுப்பு கேசட்.
மேலே ஒட்டிய தாளில் கூலிங் கிளாஸ் போட்ட விமானி.
"படத்துல வர்ற ஹீரோ" என்றான் ஜெகபர்,
படத்தைப் பார்த்தவன் போல.

பார்த்தது இரண்டு வருஷம் கழித்து,
திருவாரூரில், தமிழ் பேசிய பிரிண்டில்.
பைக் இருந்தது, பந்தயம் இருந்தது,
பாதியில் வெட்டுப்பட்ட ஒரு முத்தம் இருந்தது.
கப்பலில் இறங்கும் இடம் மட்டும்
கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துபோனது.
"இவ்வளவுதானா?" என்று தியேட்டரிலேயே கத்தினான்.
முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.
அவருக்கு என்ன தெரியும்,
நாங்கள் அதற்குள் முந்நூறு தடவை
மூழ்கியிருந்தோம்.

இதற்கு நடுவே ஒரு ராத்திரி.
குறுவை நட்ட ஆனி மாதம்.
சுற்றுவட்டாரத்து போர்செட் எல்லாம் ஒன்றாக ஓடி
கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன.
ட்யூப்லைட் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது.
டயனோரா டிவியில் படம்
நாலு பக்கமும் சுருங்கி
தபால்தலை மாதிரி நடுவில் நின்றது.
அப்போதுதான் பார்த்தேன்:
கடலுக்கும் கீழே
ஒரு வரி எழுத்து.
வந்தது, மாறியது, மறுபடி வந்தது.

"டேய், அடியில என்னமோ எழுதுதுடா."

"நீ விட்ட பிளேனுக்குச் சாக்கு சொல்லாத லாத்தா."

அதற்குள் கப்பல் போய்விட்டது.
மறுவாரம் அம்மா மன்னார்குடியிலிருந்து
ஸ்டெபிலைசர் வாங்கி வந்தாள்.
படம் பழையபடி ஊதிப் பெருத்து
திரையின் ஓரங்களுக்கு அப்பால் வழிந்தது.
நான் பார்த்தது பொய் என்றானது.

நேற்று மகளின் லேப்டாப்பில்
அதே கேமை இறக்கினேன்.
அந்த இறக்கம் சுலபம், ஒரு தட்டு.
அடுப்பில் குக்கர்,
எனக்கு நாற்பத்தாறு வயது,
அம்புக்குறிப் பொத்தான்களில் வெங்காயம் மணக்கிறது.
இந்தத் திரைக்கு ஓரத்தைத் திருடத் தெரியாது.
கப்பல் நகக்கீற்றாகத் தெரிந்ததும்
அடியில், பளிச்சென்று:
வலது. வலது. வேகம் குறை. மேலே.

அத்தனை தடவையும் சொல்லியிருக்கிறது.
டிவியின் மரச்சட்டத்துக்குப் பின்னால் நின்று
ஒவ்வொரு சாவுக்கும் முன்பு,
குரலை உயர்த்தாமல்,
வேகம் குறை, வேகம் குறை என்று.

குறைத்தேன்.
கப்பல் விரலானது, பலகையானது,
பலகையாகவே இருந்தது.
எறும்பளவு ஆட்கள் இரண்டு பேர் வந்து
எனக்கு சல்யூட் வைத்தார்கள்.

கோலாலம்பூரில் கடை மூடுகிற நேரம்.
வீடியோவில் ஜெகபர்,
ஒரு கை பாதி இறக்கிய ஷட்டரில்.
போனைத் திரைக்கு நேரே பிடித்தேன்.
நரைத்த தாடியை நெருக்கிக்கொண்டு வந்து
எழுத்துக்கூட்டிப் படித்தான்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு சொன்னான்:

"அன்னைக்கே நான் சொன்னேன்ல லாத்தா,
அடியில என்னமோ எழுதுதுன்னு?
நீதான் நம்பல."

நானா? நீயா?
எந்த ராத்திரி? எந்த டிவி?
ஸ்டெபிலைசர் வந்ததற்கு முன்னாலா, பின்னாலா?
தஞ்சாவூரிலிருந்து கிளம்பிய நிஜ விமானம் ஒன்று
எங்கள் மொட்டைமாடிக்கு மேல் போனது.
அது போன பிறகு அதன் சத்தம் வந்தது.
அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தால்
அடுத்த கட்டம் தானாகத் தொடங்கியிருந்தது,
ஆளில்லாமல் என் விமானம்
சாய்ந்தபடி போய்க்கொண்டிருந்தது.
அடியில் எழுத்து ஒன்றும் இல்லை.
கடல் மட்டும்.
குக்கர் எத்தனையாவது விசில் என்று
இருவருமே எண்ணவில்லை.